காரத்தின் பிடியில் இருக்கும் குளோரின்: வீட்டு ப்ளீச் எப்படி வேலை செய்கிறது, எப்போது நஞ்சாகிறது

வீட்டு ப்ளீச் ஒரு துளி விரலில் பட்டால் வழவழவென்று இருக்கும். தண்ணீரில் கழுவினாலும் அந்த வழுக்கல் சட்டென்று போகாது. சோப்பு ஏதோ கலந்திருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுவோம். உண்மையில் சோப்பு அந்த இடத்திலேயேதான் உருவாகிறது. ப்ளீச்சில் உள்ள காரம் நம் தோலின் எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சோப்பாக மாற்றுகிறது. கை கழுவி வெகுநேரம் ஆன பின்பும் ஒரு வாடை விரலில் ஒட்டிக்கொண்டே இருக்கும். பாட்டிலுக்குள் இருந்த வாடை அல்ல அது. ப்ளீச்சின் குளோரின் நம் தோலின் புரதத்தோடு சேர்ந்து உண்டாக்கிய குளோரமின்களின் வாடை.

ஒரு துளியிலேயே ப்ளீச்சின் இரண்டு முகங்களும் தெரிந்துவிடுகின்றன. ஒன்று காரம், மற்றொன்று குளோரின். காரத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அந்தக் குளோரினைப் பாட்டிலுக்குள் அடக்கி வைத்திருப்பதே காரம்தான். இதைப் பிடித்துக்கொண்டால், ப்ளீச்சைப் பற்றிச் சொல்லப்படும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றின் காரணம் தானாகப் புரியும். கழிவறை ஆசிட்டோடு ஏன் சேர்க்கக் கூடாது, பழைய பாட்டில் ஏன் வேலை செய்வதில்லை, நீர்த்த ப்ளீச் ஏன் நினைப்பதைவிட நன்றாகக் கிருமியைக் கொல்கிறது என்பதெல்லாம் அந்தப் பிடியின் கதைதான்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

குளிர்ந்த, நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலுக்குள் குளோரின் வாயுவைச் செலுத்தினால் ப்ளீச் கிடைக்கும். உள்ளே போகும் குளோரினில் ஒரு பாதி சாதாரண உப்பாக, அதாவது சோடியம் குளோரைடாக மாறிவிடும். மறு பாதி சோடியம் ஹைப்போகுளோரைட் ஆகும். வேலை செய்வது இந்த இரண்டாவது பாதி. ஆக, எந்த ப்ளீச் பாட்டிலைத் திறந்தாலும் உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர், அதில் கரைந்த ஹைப்போகுளோரைட், வேண்டுமென்றே மீதம் விட்ட கொஞ்சம் காஸ்டிக் சோடா. முன்பு சொன்ன காரம் இந்தக் காஸ்டிக் சோடாதான். வீட்டு உபயோக ப்ளீச்சில் ஹைப்போகுளோரைட் பெரும்பாலும் 3 முதல் 8 சதவீதம் வரை இருக்கும். பிஎச் மதிப்பு, அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு (7 நடுநிலை, அதற்கு மேல் காரம், கீழே அமிலம்), 11-க்கு மேல், சிலவற்றில் 13-ஐ ஒட்டி.

பிளீச்சிங் பவுடர் இதன் நெருங்கிய உறவு. சோடியத்துக்குப் பதில் கால்சியம், திரவத்துக்குப் பதில் தூள், அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே சொல்லப்போகும் ஆபத்துகள் எல்லாம் அதற்கும் பொருந்தும். ஆனால் 'கலர் துணிக்கு ஏற்ற ஆக்சிஜன் ப்ளீச்' என்று விற்பதும், அழகு நிலையத்தில் முகத்துக்குப் போடும் ப்ளீச்சும் வேறு குடும்பம். அவற்றில் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்கு எழுதிய அறிவுரையை மற்றொன்றுக்குப் பொருத்திவிடக் கூடாது.

இப்போது அந்தப் பிடிக்கு வருவோம். தண்ணீரில் கரைந்த இந்தக் குளோரின் மூன்று வடிவங்களில் இருக்க முடியும். எந்த வடிவம் என்பதைச் சுற்றியுள்ள காரமும் அமிலமும் தீர்மானிக்கின்றன. காரம் ஓங்கியிருக்கும்போது ஏறத்தாழ எல்லாமே ஹைப்போகுளோரைட் அயனியாக, ஓரளவு அமைதியாக இருக்கும். பிஎச் 7.5-ஐ ஒட்டி இறங்கும்போது பாதி ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறிவிடும். இன்னும் இறங்கி 3, 4 என்று வந்துவிட்டால் குளோரின் வாயு வெளிவரத் தொடங்கும். மூன்றும் ஒரே பொருளின் மாறிய உருவங்கள். காரத்தைக் கூட்டினால் ஒரு பக்கம், அமிலத்தைக் கூட்டினால் மறு பக்கம் என்று தராசுத் தட்டு போலச் சாயும்.

கிருமியைக் கொல்வதில் நடுவில் இருக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலமே கெட்டிக்காரன். ஹைப்போகுளோரைட் அயனிக்கு எதிர் மின்சுமை உண்டு. பாக்டீரியாவின் மேற்பரப்புக்கும் எதிர் மின்சுமைதான். ஒன்றையொன்று தள்ளும். ஹைப்போகுளோரஸ் அமிலத்துக்கு மின்சுமை கிடையாது, உருவமும் சிறியது. அதனால் செல்லின் சவ்வைத் தாண்டி எளிதாக உள்ளே நுழைந்துவிடும். கொல்லும் திறனில் இது அயனியைவிடப் பல பத்து மடங்கு வலியது. ப்ளீச்சைத் தண்ணீரில் கலக்கும்போது குளோரினின் அளவு குறைகிறது என்பது உண்மை. ஆனால் கூடவே காரமும் நீர்த்துப்போய், பிஎச் இறங்கி, இருக்கும் குளோரினில் ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் பங்கு கூடுகிறது. 'கெட்டியாக ஊற்றினால்தான் கிருமி சாகும்' என்ற எண்ணம் எனக்கும் வெகுகாலம் இருந்தது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் அது போயிற்று.

நம் உடம்பே இந்த அமிலத்தைத் தயாரிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரத்த வெள்ளையணுக்களில் நியூட்ரோபில் என்ற வகை, பாக்டீரியாவை விழுங்கிய பிறகு, ஒரு நொதியின் உதவியோடு உள்ளிருக்கும் உப்பிலிருந்தே ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்கி அந்தக் கிருமியைத் தாக்குகிறது. நாம் பாட்டிலில் அடைத்து வைத்திருப்பதை உடம்பு தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நொடியில், நுண்ணிய அளவில் செய்துகொள்கிறது.

வெளுப்பதும் சுத்தம் செய்வதும் ஒன்றல்ல

ஹைப்போகுளோரைட் எதைத் தொட்டாலும் அதிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கப் பார்க்கும். வேதியியலில் இதை ஆக்சிஜனேற்றம் என்போம். கிருமியின் புரதத்தில் கந்தகம் உள்ள பகுதிகளை முதலில் தாக்கும். புரதம் மடிப்புக் குலைந்து, வெந்த முட்டை போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதோடு கிருமியின் வேலை முடிந்தது.

சாயத்தில் நடப்பது வேறு. கறைகளுக்கும் சாயங்களுக்கும் நிறம் தருவது, ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் நீண்ட மூலக்கூறுத் தொடர்கள். அந்தத் தொடரின் நீளத்தால்தான் அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்குகின்றன. ப்ளீச் தொடரை நடுவில் உடைத்துவிடுகிறது. உடைந்த துண்டுகள் அந்த ஒளியை விழுங்குவதில்லை, நிறம் மறைகிறது. கவனியுங்கள், மறைவது நிறம். கறைப்பொருளின் மிச்சம் அங்கேயே இருக்கலாம். குளியலறைச் சுவரில் படர்ந்த கரும்பூஞ்சை மீது ப்ளீச் தெளித்ததும் சுவர் பளிச்சென்று ஆகிவிடும். நுண்துளைகள் உள்ள சுவராக இருந்தால், உள்ளே ஓடியிருக்கும் பூஞ்சை இழைகள் பிழைத்திருந்து சில வாரங்களில் மறுபடி தலைகாட்டும். வெள்ளையாகத் தெரிவதைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்வதால் வரும் ஏமாற்றம் இது.

ப்ளீச்சுக்கு அழுக்கை இளக்கித் தூக்கும் சக்தி மிகக் குறைவு. அது சோப்பின் வேலை. அதோடு ப்ளீச்சுக்கு நண்பன், பகைவன் என்ற பேதமும் தெரியாது. தரையில் கிருமியும் இருந்து, எண்ணெய்ப் பிசுக்கும் உணவுத் துணுக்கும் மண்ணும் இருந்தால், எது முதலில் எதிர்ப்படுகிறதோ அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். கிருமிக்கு மிஞ்சுவது கொஞ்சம். ஆகவே முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து, அலசி, அதன் பிறகே ப்ளீச். இந்த வரிசையை மாற்றினால் ஊற்றிய ப்ளீச்சில் பெரும்பகுதி அழுக்குக்கே போய்விடும்.

எதிலெல்லாம் போடக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். கம்பளியும் பட்டும் புரத இழைகள். கிருமியின் புரதத்தை எப்படிக் குலைக்கிறதோ அப்படியே இவற்றையும் குலைத்து மஞ்சளாக்கி நைந்துபோகச் செய்யும். ஸ்பாண்டெக்ஸ் என்ற, ரப்பர் போல இழுபடும் இழை கலந்த துணி அந்த இழுபடும் தன்மையை இழந்துவிடும். பருத்தி தாங்கும், ஆனால் அதுவும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வலுவிழக்கும். துருக்கறையில் ப்ளீச் போட்டால் இரும்பு இன்னும் நன்றாக ஆக்சிஜனேற்றம் அடைந்து கறை அழுத்தமாகப் பதியும். எவர்சில்வர் தொட்டியில் ஊறவிட்டால் மின்னும் பரப்பில் ஊசி குத்தினாற்போலச் சிறு குழிகள் விழலாம்.

நாற்றத்தைத் துரத்தப்போய் கிடைத்த மருந்து

1774-ல் சுவீடனில் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற வேதியியலாளர், மாங்கனீசு தாது ஒன்றோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தபோது மஞ்சள் கலந்த பச்சை நிற வாயு ஒன்று மூச்சை அடைத்தது. அது ஒரு தனிமம் என்று உறுதியாகச் சொல்லி, கிரேக்க மொழியின் வெளிர்பச்சை என்ற சொல்லிலிருந்து குளோரின் என்று பெயர் வைத்தவர் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய வேதியியலாளர், அது 1810. இடைப்பட்ட காலத்திலேயே பிரான்சில் பெர்தோலே என்ற வேதியியலாளர் இந்த வாயு துணியை வெளுக்கிறது என்று கண்டு, அதைக் காரக் கரைசலில் பிடித்துவைக்கும் வழியையும் சொல்லிவிட்டார். பாரிஸை ஒட்டிய ஜாவெல் என்ற இடத்தில் தயாரானதால் அந்தத் திரவத்துக்கு ஜாவெல் நீர் என்று பெயர் வந்தது. 1799-ல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் சார்லஸ் டென்னன்ட் அதைத் தூளாகச் செய்து காப்புரிமை வாங்கினார். அதுவரை ஐரோப்பாவில் துணி வெளுக்க வேண்டுமென்றால் காரத்தில் ஊறவைத்து, புல்வெளியில் வெயிலில் விரித்து, புளித்த மோரில் நனைத்து என்று மாதக்கணக்கில் ஆகும்.

துணிக்கு வந்தது மருத்துவத்துக்குள் நுழைந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1847-ல் வியன்னா மருத்துவமனையின் பிரசவ வார்டில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். மருத்துவ மாணவர்கள் பணியாற்றிய பிரிவில் சாவு அதிகம், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் குறைவு. மாணவர்கள் பிணப் பரிசோதனை செய்த கையோடு வார்டுக்கு வருவதை அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ் கவனித்தார். கிருமி என்ற கருத்தே அப்போது நிலைபெறவில்லை. கையில் ஒட்டியிருக்கும் பிண நாற்றத்தைச் சோப்பு போக்கவில்லை, குளோரினேற்றிய சுண்ணாம்பு, அதாவது பிளீச்சிங் பவுடர், போக்குகிறது. அப்படியானால் நாற்றத்தைச் சுமக்கும் பொருளையும் அது அழிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நியாயம். அதில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்றார். அந்த ஆண்டு ஏப்ரலில் 18 சதவீதத்தை ஒட்டி இருந்த தாய்மார் இறப்பு, ஜூன் மாதத்தில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது.

1908-ல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் ஜான் லீல் என்ற மருத்துவர் குளோரினைத் தொடர்ந்து சேர்க்கத் தொடங்கினார். டைபாய்டைக் கட்டுப்படுத்த உலகம் பின்பற்றிய வழி அது. அடுத்த ஏழாவது ஆண்டில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மானியப் படை உருளைகளிலிருந்து குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. காரத்தின் பிடியே இல்லாத, வெறும் குளோரின். அது காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது.

அதே போரில், அதே குளோரின் காயங்களையும் காப்பாற்றியது. ஹென்றி டேக்கின் என்ற வேதியியலாளரும் அலெக்சிஸ் கேரல் என்ற அறுவை மருத்துவரும் சீழ்பிடித்த காயங்களைக் கழுவச் சுமார் 0.5 சதவீத ஹைப்போகுளோரைட்டைப் பயன்படுத்தினார்கள். டேக்கினுக்குத் தொல்லையாக இருந்தது குளோரின் அல்ல, காரம். காரம் சதையை அரித்தது. போரிக் அமிலத்தைக் கொஞ்சம் சேர்த்துக் காரத்தை மட்டுப்படுத்தினார். வாயு வெளிவரும் அளவுக்குத் தட்டைச் சாய்த்துவிடவும் இல்லை. அந்த நிதானத்தை ஒரு வேதியியலாளர் அளவுகோலும் குடுவையும் வைத்துக்கொண்டு செய்தார். நாம் கழிவறையில் கண்ணளவில் செய்தால் என்ன ஆகும் என்பதை இனிப் பார்ப்போம்.

ஒரு சிறிய குளியலறை, ஒரு கணக்கு

பீங்கானில் மஞ்சள் கறை. கழிவறை கிளீனர் ஊற்றித் தேய்த்தாயிற்று, போகவில்லை. அலமாரியில் ப்ளீச் இருக்கிறது. இரண்டும் சுத்தம் செய்யத்தானே, சேர்ந்தால் இரட்டிப்பாக வேலை செய்யும் என்று மேலே ஊற்றுகிறார் ஒருவர். உலகம் முழுக்க நடக்கும் ப்ளீச் விபத்துகளில் இது அடிக்கடி நடப்பது.

கழிவறை கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும், 10 சதவீதம் வரைகூட. 5 சதவீத ப்ளீச் 100 மில்லி, அதாவது அரை தம்ளர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 கிராம் சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கிறது. 10 சதவீத அமிலம் ஏறத்தாழ 50 மில்லி சேர்ந்தாலே போதும், அத்தனையும் குளோரினாக மாற முடியும். கிடைப்பது சுமார் 4.8 கிராம் குளோரின். வாயுவாக அறை வெப்பநிலையில் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல்.

ஒன்றரை லிட்டர் கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். குளியலறை 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் என்றால் அதற்குள் காற்று 10,000 லிட்டர். வாயு முழுவதும் வெளிவந்து சீராகப் பரவினால், காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 160 பங்கு குளோரின், அதாவது 160 பிபிஎம். தொழிற்சாலைகளுக்கான அமெரிக்க வரையறையில், உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடனடி ஆபத்து என்று குறிக்கப்பட்ட அளவு 10 பிபிஎம். சில பிபிஎம் வந்தாலே கண்ணும் தொண்டையும் எரியும். 40, 60 என்று போனால் நுரையீரல் புண்ணாகும். முழுவதும் வெளிவராது, கொஞ்சம் தண்ணீரிலேயே தங்கும் என்பது சரிதான். ஆனால் பத்தில் ஒரு பங்கு வெளிவந்தாலும் 16 பிபிஎம். அதுவும் சீராகப் பரவாது. கனமான வாயு என்பதால் கீழே தேங்கும். கறையைத் தேய்ப்பவர் குனிந்து முகத்தைக் கோப்பைக்கு அருகில் வைத்திருக்கிறார். கதவு சாத்தியிருக்கலாம். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அதன் மூக்கு இருக்கும் உயரமும் அதுதான்.

குளோரினின் குணம் ஒன்று இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. அம்மோனியா தண்ணீரில் மிக எளிதாகக் கரையும்; அதனால் மூக்கிலும் கண்ணிலும் உடனே சுரீரென்று எரித்து ஆளை விரட்டிவிடும். குளோரின் அவ்வளவாகக் கரைவதில்லை. மேல்புற எரிச்சலைத் தாண்டி நுரையீரலின் ஆழம் வரை போய், அங்கே ஈரத்தோடு சேர்ந்து அமிலங்களாக மாறுகிறது. வாடை முதலில் நன்றாகத் தெரியும், சற்று நேரத்தில் மூக்கு பழகிவிடும். 'இப்போது குறைந்துவிட்டது' என்று தோன்றும். குறைந்திருப்பது நம் மூக்கின் உணர்வாக இருக்கலாம்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் வேண்டும் என்றில்லை. வினிகர், எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம், உப்புப்படிவு நீக்கும் திரவம், அடைப்பு எடுக்கும் கந்தக அமிலம் எல்லாமே தட்டைச் சாய்க்கும். வினிகரும் ப்ளீச்சும் சேர்த்தால் 'இயற்கையான சூப்பர் கிளீனர்' என்று பரவும் வீடியோக் குறிப்புகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. பிஎச் இறங்கும்போது கொல்லும் திறன் கூடும் என்ற பாதி உண்மையை வைத்துச் சொல்லப்படும் யோசனை அது. மீதிப் பாதி குளோரின் வாயு.

அம்மோனியா வேறு வழியில் வருகிறது. இங்கே காரத்தின் பிடி தளர வேண்டிய அவசியமே இல்லை; ஹைப்போகுளோரைட்டும் அம்மோனியாவும் நேரடியாக வினைபுரிந்து குளோரமின் என்ற எரிச்சலூட்டும் ஆவியைத் தரும். சில கண்ணாடி துடைக்கும் திரவங்களில் அம்மோனியா உண்டு. சிறுநீரில் யூரியா இருக்கிறது, தேங்கினால் அது அம்மோனியாவாகும். சிறுநீர் காய்ந்த தரையிலோ வளர்ப்புப் பூனையின் மணல் தட்டிலோ ப்ளீச்சை அப்படியே ஊற்றினால் கண் எரிவது இதனால்தான். முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். பாத்திரம் கழுவும் திரவங்கள் சிலவற்றிலும் நைட்ரஜன் உள்ள சேர்மங்கள் இருப்பதால் அவற்றையும் கலக்காமல் இருப்பது நல்லது.

ஆல்கஹால் உள்ள சானிடைசரும் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் உள்ளிட்ட குளோரின் சேர்மங்கள் உண்டாகும். ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து ஆக்சிஜன் நுரைத்துக் கிளம்பும்; மூடிய பாத்திரமாக இருந்தால் வெடித்துத் தெறிக்கும். ஒவ்வொன்றாக நினைவில் வைக்கத் தேவையில்லை. ப்ளீச்சோடு சேர்க்கத் தகுந்தது குளிர்ந்த தண்ணீர் மட்டுமே. ஒரு கிளீனர் போட்ட இடத்தில் ப்ளீச் போட வேண்டுமென்றால், நடுவில் நன்றாகத் தண்ணீர் ஊற்றி அலசி, ஃப்ளஷ் செய்துவிட்டு, பிறகு.

பாட்டில் வயதாகிறது

காரம் எவ்வளவு பிடித்துவைத்தாலும் ஹைப்போகுளோரைட் தானாகவே சிதைந்துகொண்டுதான் இருக்கும். பெரும்பகுதி குளோரேட்டாகவும் உப்பாகவும், சிறு பகுதி ஆக்சிஜனாகவும் உப்பாகவும் மாறும். அந்த ஆக்சிஜனால்தான் இறுக மூடிய பாட்டில் சில சமயம் உப்பிக்கொள்கிறது. வெயிலும் சூடும் சிதைவை விரைவாக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேகம் மூன்று மடங்கை ஒட்டிக் கூடும். இரும்பு, செம்பு, நிக்கல் போன்ற உலோகங்கள் மிகச் சிறிதளவு கலந்தாலும் அப்படியே. கெட்டியான ப்ளீச் நீர்த்ததைவிட விரைவாகக் கெடும். ஒளிபுகாத பாட்டிலில் விற்பதும், உலோகப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஓராண்டுக்கு மேல் சூடான இடத்தில் கிடந்த பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் சதவீதம் உள்ளே இருக்கும் என்று நம்ப முடியாது. தயாரித்த தேதியைப் பார்த்து வாங்கி, நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதங்களுக்குள் தீர்த்துவிடுவதே சரி. குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஒருபோதும் மாற்றி ஊற்றக் கூடாது. வெளிச்சம் பட்டுக் கெடும் என்பது சின்னக் காரணம். தாகத்தோடு வரும் குழந்தையும், அவசரத்தில் எடுத்துக் குடிக்கும் பெரியவரும்தான் பெரிய காரணம்.

எவ்வளவு கலப்பது

வீட்டில் கைப்பிடி, கதவு, மேசை போன்றவற்றைக் கிருமிநீக்கம் செய்ய 0.1 சதவீதக் கரைசல் போதும். கோவிட் காலத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த அளவும் அதுவே. 5 சதவீத ப்ளீச் என்றால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர்; 20 மில்லி ப்ளீச்சில் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கலாம். ரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம்: ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர். பாட்டிலின் சதவீதம் வேறாக இருந்தால், அதை வேண்டிய சதவீதத்தால் வகுத்து ஒன்றைக் கழியுங்கள். அத்தனை பங்கு தண்ணீர். மூடியளவு, கண்ணளவு என்று ஊற்றாமல் அளவுக் குவளை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது.

கரைசல் பட்ட உடனே கிருமி செத்துவிடாது. பரப்பு சில நிமிடங்களாவது ஈரமாகவே இருக்க வேண்டும். பத்து நிமிடம் இருந்தால் நல்லது. போட்ட கையோடு துடைத்துவிட்டால் பயன் பாதிகூட இல்லை. வெந்நீரில் கலக்கக் கூடாது, சிதைந்து ஆவி கிளம்பும். கலந்ததை ஒரு நாளைக்கு மேல் வைத்துப் பயன்படுத்த வேண்டாம். கையுறை, திறந்த ஜன்னல் இரண்டும் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. மனிதர்கள் மேல் தெளிப்பது எந்த நிலையிலும் தவறு.

வெள்ளம், பேரிடர் போன்ற நேரத்தில் கொதிக்க வைக்க வழியே இல்லையென்றால், மணமோ வேறு சேர்க்கையோ இல்லாத, 5 முதல் 9 சதவீதம் வரையுள்ள ப்ளீச்சை, தெளிந்த தண்ணீர் ஒரு லிட்டருக்கு 2 சொட்டு விட்டு, 30 நிமிடம் கழித்துக் குடிக்கலாம். கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டி, சொட்டை இரட்டிப்பாக்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைக் குளோரின் எளிதில் கொல்லாது. கொதிக்க வைக்க முடிந்தால் அதுவே மேல்.

ஏதாவது ஆகிவிட்டால்

வாயு கிளம்பினால் அந்த இடத்தை விட்டு உடனே வெளியே, திறந்த காற்றுக்கு வந்துவிடுங்கள். பாட்டிலை மூடவோ தண்ணீர் ஊற்றவோ திரும்பி உள்ளே போகாதீர்கள். மற்றவர்களையும் விலக்கி, கதவு ஜன்னல்கள் வழியாகக் காற்று போகவிட்டு, நன்றாக ஆறிய பிறகே உள்ளே போகலாம். கண்ணில் தெறித்தால் குழாய்த் தண்ணீரில் இமையைத் திறந்து பிடித்தபடி 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுத்துவிட வேண்டும். காரத்தை முறிக்கிறேன் என்று வினிகரோ எலுமிச்சையோ தொடவே கூடாது.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது ஒரு முறை எரித்தது, திரும்பி வரும்போது மறுமுறை உணவுக்குழாயை எரிக்கும். வாயைக் கொப்பளித்துவிட்டு, மயக்கமோ விழுங்கச் சிரமமோ இல்லையென்றால் கொஞ்சம் தண்ணீர் அல்லது பால் கொடுத்து மருத்துவ உதவி தேடுங்கள். வீட்டு ப்ளீச் ஒரு வாய் பெரும்பாலும் எரிச்சலோடும் வாந்தியோடும் நின்றுவிடும். அதிகமாகக் குடித்திருந்தாலோ, கெட்டியான தொழிற்சாலை வகையாக இருந்தாலோ குடலும் உணவுக்குழாயும் வெந்துபோகும் ஆபத்து உண்டு.

குளோரினைச் சுவாசித்தவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியே வந்ததும் இருமல் அடங்கி, இயல்பாகிவிட்டது போல இருக்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். இருமல் திரும்பினாலோ, மார்பு இறுகினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, நடுராத்திரியாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். காற்றோட்டம் வந்து வாடை அறவே போன பிறகு எடுக்க முடிந்தால், சேர்ந்துபோன இரண்டு பாட்டில்களின் லேபிளையும் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். பார்க்கும் மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டியது எது எதோடு கலந்தது என்பதுதான்.